வளரும் முயலுக்குத் தவிடு, பிண்ணாக்கு, கொடி: பெல்லட்டில் பாதியை மாற்ற முடியுமா?

கேள்வி இது: பால் மறந்த குட்டிகளுக்கு பெல்லட் (குச்சிகளாக அழுத்திய) தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. தாயைப் பிரித்த வாரமே அதில் பாதியைக் குறைத்து, கோதுமைத் தவிடு, கடலைப் பிண்ணாக்கு, மரவள்ளித் தோல், காய்கறிக் கழிவு என்று கைக்குக் கிடைப்பதைக் கொடுத்தால், கணக்குப்படி புரதம் 17 சதவீதம் வருகிறது. ஆனாலும் இரண்டாவது வாரமே குட்டிகள் வயிறு உப்பி, கழிந்து, சாகின்றன. முயலுக்கு இந்தக் கழிவுகள் ஆகாதா?

ஆகும். நன்றாகவே ஆகும். பெரிய தீவன ஆலைகள் தயாரிக்கும் முயல் பெல்லட்டே பெரும்பாலும் பக்கப்பொருள்களால் ஆனதுதான்: கோதுமைத் தவிடு, சூரியகாந்திப் பிண்ணாக்கு, சர்க்கரை ஆலையின் பீட் கிழங்குச் சக்கை, சோயா உமி. அவர்களும் ஆலைக்கழிவைத்தான் வாங்குகிறார்கள், ஆனால் வாங்கும்போது முதலில் பார்ப்பது நாரை. நீங்கள் பார்த்தது புரதத்தை. உங்கள் கலவையில் தவிட்டைத் தவிர நார் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தவிட்டின் நாரும் முயலின் குடலை ஓடவைக்கும் வகை நார் அல்ல. குட்டிகள் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

ஏன் என்று சொல்ல முயலின் குடலுக்குள் கொஞ்சம் போக வேண்டும். மாடு நாரை முன்வயிற்றில் ஊறவைத்து, அசைபோட்டு, நிதானமாகக் கரைக்கிறது. முயலுக்கு அந்த ஏற்பாடு பின்பக்கம் இருக்கிறது. சிறுகுடல் முடியும் இடத்தில் சீக்கம் என்ற பெரிய பை, அதில்தான் நுண்ணுயிர்கள். ஆனால் எல்லா நாரும் அந்தப் பைக்குள் போவதில்லை. 0.3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட முரட்டுத் துகள்களைப் பெருங்குடல் பிரித்து, கெட்டிப் புழுக்கையாக வெளியே தள்ளிவிடும். நுண்துகளும் நீரும் மட்டும் சீக்கத்துக்குத் திரும்பிப் போய் நொதிக்கும். நொதித்தது பளபளப்பான மென்புழுக்கையாக, திராட்சைக் கொத்து வடிவில் வரும். முயல் அதை ஆசனவாயிலிருந்தே நேராகத் தின்றுவிடும். அதன் உலர் எடையில் கால்பங்குக்கு மேல் புரதம், கூடவே பி வைட்டமின்கள்.

ஆகவே முரட்டு நாரால் முயலுக்குச் சத்து அதிகம் கிடைப்பதில்லை. அது குடலை ஓடவைக்கிறது. முரட்டு நார் குறைந்தால் குடலின் ஓட்டம் மந்தமாகி, சீக்கத்தில் சரக்கு தேங்குகிறது. பால் மறந்த குட்டிக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இன்னும் முழுதாக ஊறத் தொடங்கியிருக்காது. செரிக்காத மாவு தேங்கிய சீக்கத்துக்குள் போனதும் கிளாஸ்டிரிடியம் போன்ற கெட்ட கிருமிகள் பெருகி நஞ்சு கக்குகின்றன. நீங்கள் பார்த்த உப்புசமும் கழிச்சலும் அதன் விளைவு. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான்.

பிரான்சில் துலூஸ் நகரின் அரசு வேளாண் ஆய்வு நிலையத்தில் தியரி கிடென் குழுவினர் பல ஆண்டுகள் இந்த நார் விஷயத்தையே தோண்டினார்கள். 1996 இறுதியில் அந்நாட்டுப் பண்ணைகளில் தலைகாட்டிய குடல்நோய் ஒன்று கூட்டம் கூட்டமாக வளரும் முயல்களைக் கொன்ற பிறகு இந்த வேலைக்கு அவசரம் கூடியது. பால் மறந்த குட்டிகளின் தீவனத்தில் ஏடிஎஃப் எனப்படும் முரட்டு நார் 19 சதவீதத்துக்கும், அதற்குள் அடங்கும் லிக்னின் (தண்டைக் கட்டையாக்கும் பொருள்) 5 சதவீதத்துக்கும் குறையக்கூடாது என்பது அங்கிருந்து வந்த பரிந்துரை. எளிய ஆய்வகச் சோதனையில் வரும் 'கச்சா நார்' கணக்கில் இது 14 முதல் 16 சதவீதம். வளரும் முயலின் மற்ற தேவைகள்: புரதம் 15 முதல் 16, புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் லைசின் 0.75, மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்த்து 0.55 முதல் 0.6, கால்சியம் 0.6 முதல் 0.8 சதவீதம், கிலோவுக்குச் சுமார் 2400 கிலோகலோரி செரிக்கும் ஆற்றல். உங்கள் 17 சதவீதப் புரதம் தேவைக்கும் கூடுதல். கூடுதல் புரதத்தில் ஒரு பங்கு செரிக்காமல் சீக்கத்துக்குப் போய், கெட்ட கிருமிக்குத் தீனியாகிறது.

அதனால் ஒரு பொருள் கையில் கிடைத்ததும் 'இதில் எத்தனை சதவீதம் புரதம்' என்று தொடங்க வேண்டாம். கலவையில் இது செய்யப்போகும் வேலை என்ன என்று பாருங்கள். வேலைகள் நான்கு: குடலை ஓட்டும் முரட்டு நார், சீக்கத்தில் நொதிக்கும் மென்நார், புரதம், ஆற்றல்.

உங்களிடம் இல்லாதது முரட்டு நார்தான். அதற்கு நான் முதலில் கை வைப்பது காய்ந்த நிலக்கடலைக் கொடியில். புரதம் 10 முதல் 12, நார் கால்பங்குக்கும் மேல், கால்சியமும் தாராளம். குதிரை மசால் என்ற தீவனப்பயிர் கிடைக்காத இடத்தில் அதன் வேலையை ஏறக்குறைய செய்துவிடும். ஆனால் கட்டை அவிழ்த்துப் பார்த்து வாங்க வேண்டும். நடுவில் கைவிட்டு ஒரு பிடி உருவுங்கள். இலை ஒட்டியிருக்கிறதா, உதிர்ந்து வெறும் குச்சியாக வருகிறதா? இலையில் இருக்கும் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் தண்டில் உண்டு. வெயிலில் மொறமொறவென்று காயவிட்டுப் புரட்டிய கொடியில் இலை முழுக்கக் களத்திலேயே கொட்டிப் போயிருக்கும். வேரில் மண் கட்டியாக ஒட்டியிருந்தால் வேர்ப்பகுதியை வெட்டி எறியுங்கள். அங்கேதான் பறிக்காமல் விட்ட சூம்பிய காய்களும் தொங்கும். அவற்றில் ஒன்றை உடைத்துப் பாருங்கள்: உள்ளே பச்சையோ சாம்பலோ படிந்திருந்தால் பூஞ்சணம். அடிக்கட்டிலிருந்து புழுங்கல் வாடை வந்தால் பேரம் பேசவே வேண்டாம்.

கொடி இல்லையென்றால் பயறு வகைகளின் காய்ந்த செடி, காய்ந்த சர்க்கரைவள்ளிக் கொடி, பட்டுப்புழு வளர்ப்பில் மிஞ்சும் மல்பெரி இலையும் இளந்தண்டும், தோல் நீக்காத விதையிலிருந்து எடுத்த சூரியகாந்திப் பிண்ணாக்கு ஆகியவை அந்த இடத்தை நிரப்பும். இந்தப் பிண்ணாக்கை மாட்டுக்காரர்கள் நார் அதிகம் என்று ஒதுக்குவார்கள். முயலுக்கு அதே நார்தான் லாபம், லிக்னினும் புரதமும் ஒரே சரக்கில் வருகின்றன. கரும்புச் சக்கை, மக்காச்சோளக் கதிர்க்கட்டை எல்லாம் வெறும் நார். வேறு நார் இல்லாத கலவையில் நூற்றுக்கு 5 வரை சேர்க்கலாம், அதற்கு மேல் போனால் வயிறு நிறையும், எடை ஏறாது. நெல் உமியும் வைக்கோலும் சிலிக்கா மிகுந்தவை. அந்தப் பக்கமே போவதில்லை.

மென்நாருக்குக் கோதுமைத் தவிடு, உளுந்து, கொண்டைக்கடலை, துவரை ஆகியவற்றின் பொட்டு, சோயா உமி, பீட் கிழங்குச் சக்கை, சாறு பிழிந்த எலுமிச்சை, ஆரஞ்சுச் சக்கை. இவை பத்திரமான சரக்கு. அளவு கொஞ்சம் கூடினாலும் முயல் செத்துவிடாது. கோதுமைத் தவிட்டை நூற்றுக்கு 30 முதல் 40 வரை போடலாம். பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் அறவே குறைவு என்பதால் சுண்ணாம்புத்தூள் சேர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அரிசித் தவிடு வேறு ரகம். எண்ணெய் எடுக்காத தவிட்டில் 15 சதவீதத்தை ஒட்டிக் கொழுப்பு உண்டு. ஆலையிலிருந்து வெளிவந்த நிமிடத்திலிருந்து அதன் நொதியே அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கிவிடும். சில நாளில் காறல் வாடை வரும், முயல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அரைத்த சூட்டோடு வாங்கிச் சில நாளில் தீர்க்க முடியுமென்றால் வாங்குங்கள். இல்லையென்றால் எண்ணெய் நீக்கிய தவிடு மேல். இரண்டிலும் உமித்தூள் கலப்பது சகஜம். ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் நல்ல தவிடு மெத்தென்று ஒட்டும், உமி கலந்தது நறநறவென்று உறுத்தும்.

இனி பிண்ணாக்கு. நீங்கள் கொடுத்தது கடலைப் பிண்ணாக்கு. புரதம் 40க்கு மேல் என்பதால் எல்லோரும் கை வைப்பது அதில்தான், நான் தயங்குவதும் அதில்தான். கடலையில் பிடிக்கும் பூஞ்சணம் கக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சால் பாதிக்கப்படும் விலங்குகளில் வாத்துக்குஞ்சோடு முன்வரிசையில் நிற்பது முயல். மாடு தின்று தாங்கும் பிண்ணாக்கில் முயலின் ஈரல் கெட்டுவிடும். வெயிலில் காயவைத்தாலோ வறுத்தாலோ போய்விடும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். பூஞ்சணம் சாகும், அது கக்கிய நஞ்சு அந்தச் சூட்டுக்கு முழுதாக அழியாது. கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியவில்லை என்பதும் உத்தரவாதம் அல்ல. சோதித்த சரக்கு கிடைத்தால் 10 சதவீதம் வரை போடுங்கள். கிடைக்கவில்லையென்றால் சோயாப் பிண்ணாக்குக்கு மாறுவது நல்லது, விலை கூடினாலும். எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் உண்டு, லைசின் குறைவு. 5 சதவீதம் போதும். தேங்காய்ப் பிண்ணாக்கு 10 முதல் 15 வரை தாங்கும், முயல் விரும்பித் தின்னும், அதிலும் லைசின் குறைவு. பருத்திப் பிண்ணாக்கில் காசிப்பால் என்ற நஞ்சு இருக்கிறது. அசைபோடும் மாட்டின் வயிறு அதைப் பெருமளவு சமாளித்துவிடும், முயலுக்கு அந்த வசதி இல்லை. வளரும் குட்டிக்கு நான் போடுவதே இல்லை.

மாட்டுக் கொட்டகைப் பழக்கம் இன்னொன்றும் முயல் கூண்டுக்குள் நுழைகிறது: யூரியா தெளித்த வைக்கோல், யூரியா கலந்த மொலாசஸ் (சர்க்கரை ஆலையின் பாகுக் கழிவு). முயலில் யூரியா புரதமாக மாறுவதற்கு முன் அம்மோனியாவாகி ரத்தத்தில் ஏறிவிடும். வேண்டவே வேண்டாம். வெறும் மொலாசஸ் நூற்றுக்கு 3 வரை இருக்கலாம். தூசு அடங்கும், பெல்லட் பிடிக்கும். அதற்கு மேல் போனால் அதுவே புழுக்கையை இளக்கும்.

மரவள்ளித் தோல் ஆற்றலுக்கு நல்ல சரக்கு, புரதம் 5 சதவீதம் அளவே. அதன் சிக்கல் சயனைடு. திசு நசுங்கும்போது கிழங்கின் நொதி வேலை செய்து சயனைடை விடுவிக்கிறது, அது காற்றில் பறந்துவிட வேண்டும். அதனால் தோலைப் பொடியாக நறுக்கி, ஒரு நாள் குவியலாக விட்டு, பிறகு மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்கிறார்கள். கடும் வெயிலில் சட்டென்று காய்ந்தால் நொதி வேலையை முடிக்காமலே நின்றுவிடும். மேகமூட்டத்தில் நாலைந்து நாள் இழுத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் தப்பிக்க வேண்டிய பொருள் இது. உடைத்தால் டப்பென்று முறியும் அளவுக்குக் காய்ந்ததை மட்டும் 10 முதல் 15 சதவீதம் போடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது: உடம்புக்குள் போன மிச்சச் சயனைடை முறிக்க முயல் கந்தகத்தைச் செலவிடுகிறது, அது மெத்தியோனினிலிருந்தும் சிஸ்டினிலிருந்தும் வரவேண்டும். கடலைப் பிண்ணாக்கில் மெத்தியோனின் ஏற்கெனவே பற்றாக்குறை. ஆக உங்கள் கலவையில் தோலும் கடலைப் பிண்ணாக்கும் கூட்டாகச் சேர்ந்து ஒரே சத்தைச் சுரண்டியிருக்கின்றன. தோல் போடும்போது எள்ளுப் பிண்ணாக்கு உடன் இருக்கட்டும்.

காய்கறிக் கழிவு எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்பது பெரும்பாலும் கண்கட்டு. முட்டைக்கோஸ் இலையில் நூற்றுக்கு 90 தண்ணீர். ஒன்றரைக் கிலோ எடையுள்ள முயலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 75 கிராம் உலர்பொருள் வேண்டும்; கோஸ் இலையிலேயே அதைக் கொடுக்க முக்கால் கிலோ இலை தேவை. தன் எடையில் பாதி அளவு இலையைத் தின்ன முயலின் வயிற்றில் இடமில்லை. பீர் ஆலையின் ஈரச் சக்கையும் இப்படித்தான்: உலர் கணக்கில் புரதம் 25 சதவீதத்தை ஒட்டி வரும் அருமையான சரக்கு, ஆனால் நூறு கிலோவில் 22 கிலோதான் சரக்கு, மீதி தண்ணீர். நாலு கிலோ ஈரச் சக்கை ஒரு கிலோ தவிட்டுக்குச் சமம். தவிட்டு விலையில் கால்பங்குக்கு மேல் கேட்டால் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். இரண்டு மூன்று நாளில் புளித்தும் போகும். காய்கறி இலையை வாடவிட்டு, கைப்பிடியளவு, ருசிக்காக மட்டும். பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து வந்த இலையை மருந்தின் காத்திருப்பு நாள் முடியாமல் தொடாதீர்கள். தக்காளிச் செடி, பச்சை ஏறிய உருளைத் தோல், காப்பிப் பழத்தோல், கோகோ ஓடு ஆகியவை முயல் கூண்டுப் பக்கம் வரக்கூடாதவை.

இப்போது ஒரு கலவையைப் போட்டுப் பார்ப்போம். நூறு கிலோவுக்குக் கோதுமைத் தவிடு 32, அரைத்த கடலைக் கொடி 30, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 10, மக்காச்சோளம் 10, கடலைப் பிண்ணாக்கு 8, எள்ளுப் பிண்ணாக்கு 5, மொலாசஸ் 3, சுண்ணாம்புத்தூள் 1, உப்பு அரை, வைட்டமின் தாதுக் கலவை அரை. கூட்டினால் புரதம் 16, கச்சா நார் 14 சதவீதம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் லைசினைத் தனியாகக் கூட்டினால் 0.6 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இதைக் கொடுத்தால் முயல் சாகாது, தின்னும், ஆனால் வளர்ச்சி இழுக்கும். 'தின்றது எங்கே போகிறது' என்று கேட்பீர்கள். கடலைப் பிண்ணாக்கை அப்படியே எடுத்துவிட்டு அந்த 8 கிலோவுக்கும் சோயாப் பிண்ணாக்கு போட்டால் லைசின் 0.7க்குப் பக்கம் வரும். அல்லது டன்னுக்கு 2 கிலோ செயற்கை லைசின் சேர்த்தால் தேவையை ஏறக்குறைய எட்டிவிடும். இந்தக் கலவையில் ஆற்றலும் சற்றுக் குறைவுதான். முயல் ஆற்றலைப் பார்த்துத் தின்னும் பிராணி என்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தின்று ஈடுகட்டிக்கொள்ளும். மரவள்ளித் தோல் போட வேண்டுமென்றால் மக்காச்சோளத்தின் இடத்தில் போடுங்கள். புரதத்தில் சின்னக் குறை விழும், சோயாவை ஒரு கிலோ ஏற்றினால் சரியாகும்.

அரைக்கும்போது மாவாக்கிவிடாதீர்கள். நுணுக்க அரைத்த நார் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதுவும் சீக்கத்துக்குள் நுழைந்து தேங்கும். முரட்டு நாரை வாங்கிவந்து நாமே அதன் முரட்டுத்தனத்தை அழித்ததாகிவிடும். தூளை முயலும் விரும்பாது: மூக்கில் ஏறித் தும்மும், கிளறிக் கொட்டும். பெல்லட் பிடிக்க இயந்திரம் இல்லையென்றால் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உதிரும் பதத்தில் வையுங்கள். சில மணி நேரத்தில் மிச்சத்தை வழித்துத் தொட்டியைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் புளிக்கும். முழுக் கொடி ஒரு கொத்து எப்போதும் கூண்டில் தொங்கட்டும், பல்லுக்கும் வேலை வேண்டும்.

மாற்றுவது எப்போது என்பதும் உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கிறது. தாயைப் பிரித்த அதே வாரத்தில் தீவனத்தையும் மாற்றியிருக்கிறீர்கள். குட்டிக்கு இரட்டை அடி. பிரித்த பிறகு பத்து நாளாவது பழைய பெல்லட்டிலேயே விடுங்கள். பிறகு கால்பங்கு, அரைப்பங்கு என்று ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். பிரித்த முதல் இரண்டு மூன்று வாரம் தின்னும் அளவில் 75 முதல் 80 சதவீதம் மட்டும் கொடுத்தால் சாவு குறைகிறது என்பதும் துலூஸ் ஆய்வுகளில் தெளிவாக வந்தது. வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கும், பிறகு பெருமளவு எட்டிப் பிடித்துவிடும்.

தினமும் காலையில் கூண்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். கெட்டிப் புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில், உடைத்தால் உள்ளே நார் தெரியக் கிடந்தால் கவலை இல்லை. மென்புழுக்கை கொத்துக் கொத்தாகத் தின்னாமல் கிடந்தால் தீவனத்தில் புரதமோ மாவோ கூடிவிட்டது, கொடியை ஏற்றுங்கள். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்தால் குடல் நிற்கப் போகிறது என்று அர்த்தம். கழிச்சலுக்கு ஒரு நாள் முன்பே இது தெரியும். அன்றே அடர்தீவனத்தை நிறுத்தி, காய்ந்த கொடியும் தண்ணீரும் மட்டும் வைத்தால் பல குட்டிகள் தேறிவிடும்.

'இன்ன கழிவை 30 சதவீதம் வரை சேர்த்தாலும் வித்தியாசம் இல்லை' என்று வரும் ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது குழுவுக்கு எத்தனை முயல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து முயலில் எடை வித்தியாசம் ஓரளவு தெரியும், சாவு வித்தியாசம் தெரியாது. சாவு நூற்றுக்கு 5 என்பது 15 ஆக உயர்ந்ததா என்று நம்பிச் சொல்ல ஒரு குழுவுக்கு நூறு முயலுக்கு மேல் வேண்டும். அதனால் அத்தகைய உச்ச அளவுகளில் பாதியைத்தான் நான் தொடக்கமாக எடுத்துக்கொள்வேன்.

செலவு கட்டுகிறதா என்பதைத் தீவனத்தின் கிலோ விலையை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கிலோ எடை ஏற பெல்லட்டில் 3.5 கிலோவும், உங்கள் கலவையில் 5 கிலோவும் செலவானால், கலவை பெல்லட்டைவிட 30 சதவீதம் மலிவாக இருந்தால்தான் சரிக்குச் சரி. அரைக்கும் கூலி, கூடுதலாகக் கூண்டை அடைத்து நிற்கும் நாள்கள், ஒன்பதாவது வாரத்தில் எல்லாத் தீவனத்தையும் தின்றுவிட்டுச் சாகும் முயல் எல்லாம் அதற்கு மேல். ஒரே ஈற்றின் குட்டிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பெல்லட், மறு பாதிக்குக் கலவை என்று வைத்து, வாரம் ஒருமுறை தராசில் ஏற்றுங்கள். இரண்டு மூன்று ஈற்றில் உங்கள் பண்ணைக்கான விடை கிடைத்துவிடும். தராசு வாங்க யோசிப்பவர் பெல்லட்டையே தொடர்வது மேல்.

கடைசியாகக் காய்ந்த ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அது முழுக்க வெந்த மாவு, நார் கிடையாது. எடை 2 கிலோவைத் தாண்டிய முயலுக்கு ஒரு துண்டு கொடுத்தால் ஒன்றும் ஆகாது. பால் மறந்த குட்டிக்குக் கொடுக்காதீர்கள்.